ஆழ்கடிக்கு உள்பக்கக் கிளிப்: முதல் எக்ஸ்ரே முதல் ரிட்டெய்னர் வரை

வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை 2 முதல் 4 மி.மீ. வரை மறைப்பது இயல்பு. கீழ்ப்பல்லின் உயரத்தில் பாதிக்கு மேல் மறைந்தால் அது ஆழ்கடி. முழுவதும் மறைந்து, கீழ்ப்பல் நுனி மேல் அண்ணத்து ஈறில் குத்தும் அளவுக்குப் போயிருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஈறு இறங்கும், பல் தேயும்.

உள்பக்கக் கிளிப்பில் பிராக்கெட்டுகள், அதாவது கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகள், பல்லின் நாக்குப் பக்கம் ஒட்டப்படுகின்றன. ஆழ்கடி உள்ளவருக்கு அங்கேதான் கீழ்ப்பல் வந்து இடிக்கும். ஆகவே ஒட்டிய அன்றே முன்னால் கடி திறந்து, கடைவாயில் இடைவெளி விழுந்துவிடும். பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் அப்போது ஒரு பல்லும் நகர்ந்திருக்காது. இனி எந்தப் பல் எந்தப் பக்கம் போய் அந்த இடைவெளியை நிரப்புகிறது என்பதுதான் முடிவு நிலைக்குமா, மறுபடி ஆழ்கடியாகத் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கும். கீழே உள்ள படிகளின் வரிசையும் இதை வைத்தே அமைந்திருக்கிறது.

1. எந்த வகை ஆழ்கடி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஆழ்கடிக்குக் காரணம் ஒன்றல்ல. முன்பற்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கலாம். கடைவாய்ப்பற்கள் போதிய உயரம் வராமல் நின்றிருக்கலாம். மேல் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து கீழ்ப்பற்களை மூடியிருக்கலாம். தாடை எலும்பின் அமைப்பே முகத்தைக் குட்டையாக்கியிருக்கலாம். பின்பற்களைப் பிடுங்கி வெகுநாள் வெற்றிடமாக விட்டவர்களுக்கும் கடி இறங்கும். பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

இதைப் பிரிக்க, பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே, எல்லாப் பற்களும் தெரியும் ஓபிஜி, பல் மாதிரி அல்லது ஸ்கேன் ஆகிய மூன்றும் வேண்டும். ஓபிஜியை மட்டும் பார்த்துத் திட்டம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பல்லின் சாய்வும் தாடையின் கோணமும் அதில் சரியாகத் தெரியாது.

உதட்டைத் தளர்வாக விட்டு உட்காரும்போது மேல் முன்பல் எவ்வளவு தெரிகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். 4 மி.மீ.க்கு மேல் தெரிந்து, சிரித்தால் ஈறும் தெரிகிறவருக்கு மேல் முன்பற்களை எலும்புக்குள் ஏற்றுவது பொருந்தும். பல் ஏற்கெனவே உதட்டுக்குள் ஒளிந்திருப்பவருக்கு அதையே செய்தால், கடி சரியாகும். ஆனால் சிரிப்பில் பல்லே தெரியாது, முகம் வயதானதாகத் தோன்றும். அவருக்குக் கீழ் முன்பற்களையே கீழே இறக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறவிடும் அளவு இது.

அடுத்தது தாடையின் கோணம். கடைவாய்ப்பல் 1 மி.மீ. எழும்பினால் முன்னே ஏறத்தாழ 2 மி.மீ. கடி திறக்கும். கூடவே கீழ்த்தாடை கீழும் பின்னுமாகச் சுழலும். குட்டை முகக்காரருக்கு இது நல்லது. நீள முகமும் பின்தள்ளிய முகவாயும் உள்ளவருக்கு முகவாய் இன்னும் பின்னால் போனது போலத் தெரியும். வளரும் வயதில் கடைவாயை எழுப்பினால் நிலைக்கும். வளர்ச்சி முடிந்தவர்களில், அதிலும் மெல்லும் தசை வலுவாக உள்ளவர்களில், எழுப்பியதில் ஒரு பகுதி திரும்ப இறங்கும். அதனால் பெரியவர்களுக்கு முன்பல்லை உள்ளே செலுத்துவதன் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும்.

2. கிளிப்புக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

காரை எடுத்தல், சொத்தை அடைத்தல், வேர் சிகிச்சை, பிடுங்க வேண்டிய ஞானப்பல் எல்லாம் அளவெடுக்கும் முன்பே முடிய வேண்டும். தனிப்பயன் பிராக்கெட்டின் அடித்தட்டு உங்கள் பல்லின் உள்முகத்துக்கு அச்சாகச் செய்யப்படுகிறது. அளவு கொடுத்த பிறகு ஒரு பல்லுக்கு அடைப்போ கேப்போ போட்டால் அந்த அச்சு பொருந்தாது.

ஈறு வீங்கியிருந்தால் பொறுத்திருங்கள். ஆழ்கடிக்காரர்களின் பற்களில் ஒட்டுவதற்குக் கிடைக்கும் உயரமே குறைவு. அதிலும் வீங்கிய ஈறு ஏறியிருந்தால் பசை ஈரத்தில் நிற்காது. சுத்தம் செய்து இரண்டு மூன்று வாரம் கழித்து அளவு கொடுத்தால் பல்லின் விளிம்பு தெளிவாக வரும்.

எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகளில் சில பல் நகர்வையே தடுக்கும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், இரவில் பல் கடிக்கும் வழக்கம் ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம்.

இதற்கு எம்டிஎஸ் ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு) படித்தவர் வேண்டும். உள்பக்கக் கிளிப்பில் தனி அனுபவமும் இருக்க வேண்டும். வெளிப்பக்கக் கிளிப்பில் கைதேர்ந்தவருக்கும் உள்பக்கத்தில் விசை வேலை செய்யும் விதம் வேறு. கட்டணம் பேசும்போது, பிராக்கெட் தொலைந்தால் மறுபடி செய்யும் லேப் செலவு யாருடையது, மினி ஸ்க்ரூ (பிடிமானத்துக்கு எலும்பில் போடும் சிறு திருகாணி) தேவைப்பட்டால் தனிக் கட்டணமா, ரிட்டெய்னர் (கிளிப் கழற்றிய பின் பல் நகராமல் பிடிக்கும் கருவி) இதில் அடங்குமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

3. அளவும் செட்-அப்பும்

சிலிகோன் பசையிலோ வாய் ஸ்கேனரிலோ அளவெடுத்து, பற்கள் கடைசியில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி ஒரு மாதிரியை லேப் அமைக்கும். அதற்குப் பெயர் செட்-அப். பிராக்கெட்டும் கம்பியும் அந்த இறுதி நிலைக்காகவே செய்யப்படுகின்றன. செட்-அப்பில் உள்ள தவறு அப்படியே வாயில் வந்து சேரும்.

ஆழ்கடிக்குச் செட்-அப்பில் கொஞ்சம் மிகையாகவே திருத்த வேண்டும். 1 முதல் 1.5 மி.மீ. மறைப்பை இலக்காக வைத்தால், பிறகு சற்றே திரும்பினாலும் இயல்பு அளவில் நிற்கும். கீழ்ப்பல் வரிசையைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் குழிந்த வளைவு தெரியும். மாதிரியின் மேல் ஒரு தட்டை அளவுகோலை வைத்தாலே அதன் ஆழம் தெரிந்துவிடும். அந்த வளைவைச் சமமாக்க இடம் வேண்டும். இடம் இல்லாமல் சமமாக்கினால் கீழ் முன்பற்கள் வெளியே சாயும். இடத்தைப் பல்லின் ஓரத்தைத் தேய்த்து எடுக்கப் போகிறார்களா, பல் பிடுங்கியா, சற்றே சாயவிட்டா என்பது செட்-அப்பிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

அளவு கொடுத்த நாளிலிருந்து ஒட்டும் நாள் வரை சில வாரங்கள் ஆகும். அதற்குள் பல் நகர்ந்தால், பிராக்கெட்டுகளைப் பதித்து ஒட்டும் டிரே உட்காராது. பழைய ரிட்டெய்னர் இருந்தால் அதுவரை போட்டுக்கொள்ளுங்கள். கிளிப்புக்காகப் பிடுங்க வேண்டிய முன்கடைவாய்ப்பற்களை இந்த இடைக்காலத்தில் பிடுங்குவது பெரிய தவறு.

4. ஒட்டும் நாள்

ஒன்றரை, இரண்டு மணி நேரம் வாயைத் திறந்தபடி இருக்க வேண்டியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடுத்த இரண்டு நாள் விடுமுறையாக இருப்பது நல்லது.

பல்லின் உள்முகத்தைச் சுத்தம் செய்து, நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு தூளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சுமார் 30 விநாடி வைத்து, கழுவி உலர்த்தினால் பல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் பிரைமர் தடவி, பிராக்கெட்டுகள் பதிந்த டிரேயை அழுத்தி ஒட்டுவார்கள். இந்த இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் அந்தப் பிராக்கெட் சில வாரங்களில் கழன்று வரும். நாக்கை அசைக்காமல் வைத்திருப்பது உங்கள் பங்கு. பீங்கான் கேப்புக்கு ஒட்டும் முறை வேறு. கேப் இருப்பதை நினைவூட்டுங்கள்.

மேல்வரிசையை முதலில் ஒட்டி, சில வாரம் கழித்துக் கீழ்வரிசையை ஒட்டுவது நாக்குக்குப் பழக அவகாசம் தரும். அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவே நல்லது.

நாற்காலியை விட்டு எழும்முன் கடித்துப் பார்க்கும் தாளை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு கீழ் முன்பற்களாவது ஒரே நேரத்தில் மேல் பிராக்கெட்டுகளில் பட வேண்டும். ஒரே ஒரு பல் மட்டும் இடித்தால் அந்தப் பல் ஆடும், வலிக்கும். அல்லது அந்தப் பிராக்கெட் தெறிக்கும். சமமாகப் படாவிட்டால் பிராக்கெட் மேலோ பல்லின் உள்பக்கத்திலோ கொஞ்சம் காம்போசிட் (பல் அடைக்கும் பிசின்) வைத்துச் சமன் செய்யலாம்.

கடைவாயில் சிமென்ட் மேடு போட வேண்டுமா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. குட்டை முகக்காரருக்குக் கடைவாய் எழும்ப வேண்டும். அங்கே மேடு போட்டால் அது எழும்புவதைத் தடுக்கும். அவருக்கு முன்னால் மட்டும் தாங்கல் போதும். நீள முகக்காரருக்கு அது எழும்பக் கூடாது. ஆகவே மேடு கடைவாயில் வேண்டும். இந்த மேடு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், பிறகு எடுக்கும்போது பல்லோடு குழம்பாமல் இருக்க. மெல்ல முடியவில்லை என்று நோயாளி கேட்டதற்காக எல்லாருக்கும் கடைவாயில் மேடு போடுவது, திறக்க வேண்டிய கடியைத் திறக்கவிடாமல் செய்துவிடும்.

5. முதல் நான்கு வாரம்

பெரும்பாலானவர்கள் மனம் தளர்வது இங்கேதான். மெல்லுதல், பேச்சு, நாக்குப் புண் மூன்றும் ஒன்றாக வரும்.

கடைவாய் சேராததால் எதுவும் அரைபடாது. முதல் நான்கைந்து நாள் கஞ்சி, குழைந்த பொங்கல், தயிர்சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு, முட்டைப் பொரியல். பிறகு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிச் சாப்பிடலாம். சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்தால்தான் இறங்கும். முறுக்கு, சீடை, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், ஐஸ்கட்டி, எலும்போடு கடிக்கும் கறி எல்லாம் கிளிப் கழற்றும் வரை வேண்டாம். கொய்யாவை முன்பல்லால் கடிக்காமல் சீவிச் சாப்பிடுங்கள். மெல்லாமல் விழுங்கி வயிறு கெடுவதும், சாப்பிடாமல் எடை குறைவதும் நடக்கும். ஒரு நாளுக்கு ஐந்து சிறு வேளையாகப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். கடைவாய் ஓரளவு சேரச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு மெதுவாகவே நடக்கும்.

பேச்சில் முதலில் தடுமாறுவது த, ந. இரண்டுக்கும் நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொட வேண்டும். இப்போது அங்கே உலோகம் இருக்கிறது. ச, ஸ ஒலிகளில் காற்று சீறும். ட, ழ, ள ஒலிகளுக்கு நாக்கு மேலே மடிவதால் அவ்வளவு பாதிப்பு இல்லை. எனவே பயிற்சியையும் அதற்கேற்ப வையுங்கள்: தினம் கால் மணி நேரம் செய்தித்தாளை மெதுவாக, சத்தமாகப் படியுங்கள், த, ந, ச வரும் சொற்களில் நின்று நின்று. பேசாமல் இருந்தால் பழகாது. பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பேச்சு தேறிவிடும். அந்த நாட்களில் நேர்முகத் தேர்வு, மேடைப்பேச்சு, கச்சேரி எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவருக்கு உதட்டில் உரசாது என்பது உள்பக்கக் கிளிப்பின் வசதி. ஆனாலும் நாக்கு புது இடம் பழகும் வரை பொறுக்கத்தான் வேண்டும்.

நாக்கு உரசும் பிராக்கெட்டில் மெழுகு ஒட்டுங்கள். முதலில் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தில் மெழுகு நிற்காது, அரை மணியில் வயிற்றுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான உப்பு நீரால் நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள். வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். நாள்கணக்கில் இப்யூபுரூஃபன் வகை மாத்திரை எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது, அது பல் நகர்வைச் சற்று மந்தமாக்கலாம்.

பிராக்கெட் கழன்றால் குப்பையில் போடாதீர்கள். தனிப்பயன் பிராக்கெட் அந்த ஒரு பல்லுக்கென்றே செய்தது. சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் அதையே மறுபடி ஒட்டலாம். தொலைத்தால் புதிது வரும் வரை அந்தப் பல் பின்தங்கிவிடும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறும். விழுங்கியதும் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

6. கம்பி மாறும் வரிசை: முதலில் சாய்வு, பிறகு உயரம்

பிராக்கெட்டின் காடி, அதாவது கம்பி உட்காரும் பள்ளம், 0.018 இன்ச் என்றால், வழக்கமாக 0.012 அல்லது 0.014 இன்ச் உருண்டை நிக்கல்-டைட்டானியம் கம்பியில் தொடங்கும். அடுத்து 0.016க்கு 0.022 செவ்வகக் கம்பி, அதன்பின் எஃகு அல்லது டிஎம்ஏ (டைட்டானியம்-மாலிப்டினம் கலவை) கம்பி. உள்பக்கத்தில் பிராக்கெட்டுகளுக்கு இடையே தூரம் குறைவு. அதனால் அதே கம்பி வெளிப்பக்கத்தைவிட விறைப்பாக வேலை செய்யும். படியைத் தாண்டித் தடித்த கம்பிக்குப் போனால் வலியும் பிராக்கெட் கழல்வதும் மட்டுமே மிஞ்சும்.

செவ்வகக் கம்பி முக்கியம். ஏனெனில் வேரின் சாய்வைத் திருப்பும் விசையை, டார்க் என்கிறார்களே, அதை உருண்டைக் கம்பி தராது. மேல் முன்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்த ஆழ்கடியில் முதலில் அந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பல் சாய்ந்திருக்கும்போதே அதை மேலே ஏற்ற முயன்றால், உள்பக்கத்திலிருந்து வரும் விசை பல்லின் எதிர்ப்பு மையத்துக்கு (விசை அதன் வழியே போனால் பல் சாயாமல் நகரும் புள்ளிக்கு) பின்னால் விழும். பல் இன்னும் உள்ளே சாயும். சாய்வு சரியாகும்போதே பல் நுனி முன்னால் போய், மறைப்பு ஓரளவு தானாகக் குறையும். மீதி எவ்வளவு என்று அதன்பின் அளந்தால் அடுத்த படியில் வேலை குறைகிறது.

வருகை 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு வருகையிலும் மறைப்பை மி.மீ. கணக்கில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

7. முன்பல்லை உள்ளே செலுத்துவது

தேவையான விசை மிகக் குறைவு. ஒரு பல்லுக்கு 10 முதல் 20 கிராம். அதிகம் கொடுத்தால் வேகம் கூடாது, வேர் நுனிதான் கரையும். விசையை அளவியால் அளந்து கட்ட வேண்டும், கைப்பழக்கத்தில் மதிப்பிடக் கூடாது.

கடைவாயை மட்டும் பிடிமானமாக வைத்து முன்பல்லைத் தள்ளினால் கடைவாய் எழும்பிவிடும். அது வேண்டாதவருக்கு, வேர்களுக்கு நடுவே எலும்பில் 1.4 அல்லது 1.6 மி.மீ. தடிமனும் 6 முதல் 8 மி.மீ. நீளமும் கொண்ட மினி ஸ்க்ரூ போட்டு அதிலிருந்து இழுப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சில நிமிட வேலை. அதைச் சுற்றி உணவு தங்கினால் ஈறு வீங்கி ஸ்க்ரூ ஆடும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் துடையுங்கள்.

மாதத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சிகிச்சை தொடங்கி ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் முன்பற்களின் வேரைச் சிறு எக்ஸ்ரேயில் ஒருமுறை பார்க்க வேண்டும். வேர் மழுங்கத் தொடங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்திவைத்துத் தொடர்வது வழக்கம். இந்த எக்ஸ்ரேயை மருத்துவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

8. இடைவெளி மூடும்போது கடி மறுபடி ஆழமாகும்

பல் பிடுங்கியவர்கள் கவனிக்க வேண்டிய படி இது. முன்பற்களைப் பின்னால் இழுக்கும்போது டார்க் போதாவிட்டால், அவை உள்ளே சாய்ந்தபடி இறங்கும். முன்கடைவாய்ப் பகுதி கம்பியோடு வளையும். திறந்த கடி மூன்று மாதத்தில் திரும்ப மூடிவிடும். எஃகுச் செவ்வகக் கம்பியில், கூடுதல் டார்க்கோடு, மெல்லிய விசையில் இழுப்பதுதான் தீர்வு. அவசரப்பட்டு ரப்பர் செயினை இறுக்கக் கூடாது.

மேல் முன்னிருந்து கீழ்ப் பின்னுக்குப் போடும் ரப்பர் பேண்ட் கீழ்க் கடைவாயை எழுப்பும். கூடவே மேல் முன்பல்லையும் கீழே இழுக்கும். ஆழ்கடிக்கு முதலாவது உதவி, இரண்டாவது உபத்திரவம். தடித்த கம்பி வந்த பிறகே அதைப் போடுவது இதனால்தான். சொன்ன மணி நேரம் போடுங்கள். ஒரு நாள் விட்டதற்கு மறுநாள் இரண்டு பேண்டாகப் போட்டு ஈடுகட்ட முடியாது.

9. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைச் சுத்தம் செய்வது

வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே ஈறு வீங்கி ரத்தம் வரும். உள்பக்கக் கிளிப்பில் இது சகஜம். ஒற்றைக் குச்சத்துப் பிரஷ்ஷை ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே சாய்த்து, பல் பல்லாகத் தேயுங்கள். இடைப்பல் பிரஷ்ஷை கம்பிக்கு அடியில் விடுங்கள். இரவில் ஒரு வேளையாவது கண்ணாடி முன் நின்று செய்ய வேண்டும். ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாத பேஸ்ட் போதும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பை இரண்டு வாரத்துக்கு மேல் தானாக நீட்டிக்காதீர்கள், பல்லில் கறை ஏறும்.

10. கழற்றுவதும் ரிட்டெய்னரும்

மறைப்பு இலக்குக்கு வந்தவுடன் கழற்றக் கூடாது. கடைவாய் இரு பக்கமும் சமமாகச் சேர்கிறதா, முன்பல்லின் சாய்வு செஃபலோகிராமில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எஃகுக் கம்பியிலேயே சில மாதம் நிறுத்தி வைக்க வேண்டும். மொத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஆகும்.

கீழே கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உள்பக்கம் மெல்லிய முறுக்குக் கம்பி நிரந்தரமாக ஒட்டப்படும். மேலே கழற்றி மாட்டும் ரிட்டெய்னர். ஆழ்கடிக்கு அதில் முன்பல்லுக்குப் பின்னால் ஒரு மேடை வேண்டும், கீழ் முன்பற்கள் அதில் படும்படி. இத்தனை நாள் பிராக்கெட் தாங்கிய இடத்தை இனி அது தாங்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை பல் வரிசையைப் பிடிக்கும். கீழ் முன்பல் மறுபடி எழும்புவதை அந்த அளவுக்குத் தடுக்காது. மேடை வைத்த ரிட்டெய்னரை அளவெடுக்கும் முன்பே கேட்டுப் பெறுங்கள்.

மேலேயும் ஒட்டுக்கம்பி போடுவதானால் கீழ்ப்பல் அதில் இடிக்கிறதா என்று தாள் வைத்துப் பார்க்க வேண்டும். இடித்தால் ஒரு பக்கம் கழன்றிருக்கும், உங்களுக்குத் தெரியாது, அந்தப் பல் மட்டும் மெல்ல நகரும்.

முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும், அதன்பின் ஒவ்வோர் இரவும். ரிட்டெய்னர் ஒரு நாள் இறுக்கமாகத் தோன்றினால் பல் நகரத் தொடங்கிவிட்டது. அன்றே மறுபடி முழுநேரம் போடத் தொடங்குங்கள். உட்காரவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் அந்த வாரமே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.